எங்கள் வீட்டு இரண்டு மரக்காலும் கொஞ்சம் கூலிக் கணக்கும்

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர் திருமானூர். தெரியாதவர்களுக்காக: தஞ்சாவூரிலிருந்து திருவையாறு, விளாங்குடி தாண்டி கொள்ளிடம் பாலத்தில் ஏறி இறங்கினால் எங்க ஊர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தஞ்சை மாவட்டம், இந்தப் பக்கம் அரியலூர் மாவட்டம். (நான் பள்ளிக்கூடம் போகும்போது திருச்சி மாவட்டம். 1995-இல் பெரம்பலூர் ஆனது. 2001-இல் அரியலூர், 2002-இல் மறுபடி பெரம்பலூர், 2007-இல் மறுபடி அரியலூர். விலாசம் எழுதியே பேனா மை தீர்ந்தது போங்க.)

மாட்டுப் பொங்கலன்று திண்ணையில் வழக்கமான அரட்டை. மாமா ஆரம்பித்தார். "ஆளே கிடைக்கல மாப்ள. கிடைச்சாலும் கூலியக் கேட்டா தலை சுத்துது. எல்லாம் நூறு நாள் வேலை பண்ண வேலை." நானும் சும்மா இருக்காமல், "பின்னே என்ன மாமா, தாத்தா காலத்துல மூணு ரூபா கொடுத்தோம், இன்னிக்கு நானூறு அஞ்சூறு. நூறு மடங்குக்கு மேல ஏறியிருக்கு. நாட்டோட வளர்ச்சி கீழ வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்குன்னுதானே அர்த்தம்?" என்று எடுத்துவிட்டேன். எங்கோ படித்ததுதான்.

வாசலில் ஒரு ஆயா உட்கார்ந்திருந்தது. அப்பாயி காலத்திலிருந்து எங்க வயலில் நடவு நட்ட ஆயா. பொங்கல் பார்த்துவிட்டுப் போக வந்தது. ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னது:

"கூலி ஏறுச்சுதான் தம்பி. இல்லேங்கல. ஆனா எங் காதப் பாரு."

பார்த்தேன். தோடு இருந்த இடத்தில் விளக்குமாற்றுக் குச்சி. பேத்தி நர்சிங் படிக்கிறாளாம். பீஸ் கட்ட அடகு வைத்தது மூணு வருஷமாக மூழ்காமல் வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறது. "நூறு மடங்கு ஏறினது எங்க போச்சுன்னு படிச்ச புள்ள நீதான் சொல்லணும்" என்று எழுந்து போய்விட்டது.

மாமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சரி, கணக்கைப் போட்டுத்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்ததன் விளைவு இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க.

முதல் சிக்கல், எதை வைத்து அளப்பது? ரூபாயை நம்ப முடியாது, அதுவே வருஷா வருஷம் தேய்கிற சாமான். அதனால்தான் பழைய காலத்துக் கூலியை ஆராய்கிறவர்கள் தானியத்தில் அளப்பார்கள். ஒரு நாள் கூலிக்கு எத்தனை படி நெல்?

நம்ம பக்கத்தில் இதற்குச் சான்று பஞ்சமே இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் இராஜராஜன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது வருஷத்துக்கு 100 கலம் நெல். கலம் என்பது 12 குறுணி, குறுணி 8 நாழி. வகுத்துப் பார்த்தால் நாளைக்கு 26 நாழிச் சொச்சம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சம்பளப் பட்டியல், பேரோடு, கல்லில் இருக்கிறது. எங்க ஊருக்குப் பக்கத்துத் திருமழபாடி இன்னும் விசேஷம். கோயிலை இடித்துக் கட்டும் முன் சுவரில் இருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைக்கச் சொன்னான் இராஜராஜன். பின்னால் இராஜேந்திரன் காலத்தில் மறுபடி வெட்டினார்கள். அவ்வளவு கணக்கு சுத்தம்! ஆனால் அதெல்லாம் கோயில் ஊழியர் கணக்கு. அந்த நெல்லை நட்டவளுக்கும் அறுத்தவனுக்கும் என்ன கிடைத்தது என்று அதே மாதிரி பேரோடு கல்லில் வெட்டிவைக்க யாரும் மெனக்கெடவில்லை.

அதற்கு 20-ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற வெள்ளைக்காரர், 1916 வாக்கில் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, யாரிடம் எவ்வளவு நிலம், என்ன கூலி என்று எழுதிவரச் சொன்னார். 1918-இல் புத்தகமாக வந்தது. அதில் ஒரு ஊர் இருவேல்பட்டு, இப்போது விழுப்புரம் மாவட்டம். இந்த ஊருக்கு ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்பப் போய், கடைசியாக 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் போய்ப் பார்த்தார்கள். 1916-இல் அங்கே படியாள்கள் இருந்தார்கள். பேரிலேயே இருக்கிறது பாருங்கள், படியால் அளந்து கூலி வாங்குகிற ஆள். ஒரே பண்ணையில் கட்டுண்டு கிடக்க வேண்டும். 2008-இல் அந்த முறை மறைந்திருந்தது. ஆம்பிளைகள் வெளிவேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள்.

ஆகவே மாற்றமே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் மாற்றம் சும்மா வரவில்லை. இங்கேதான் எங்க வீட்டுக் கதை வருகிறது.

ஆயா போன மறுநாள் பரணில் ஏறினேன், தாத்தாவின் கணக்கு நோட்டு கிடைக்குமா என்று. நோட்டு கரையான் தின்ற நிலையில் இருந்தது. கூடவே இரண்டு மரக்கால் கிடைத்தன. இரும்புப் பட்டை போட்டவை. ஒன்று கொஞ்சம் சிறிசு. தேய்ந்துபோனதாக்கும் என்று நினைத்து அம்மாவிடம் கேட்டேன். அம்மா கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "பெரிசு குத்தகை நெல் வாங்க. சிறிசு கூலி அளக்க. உங்க அப்பாயி காலத்துல அப்படித்தான். எல்லா வீட்டுலயும்தான்."

"எல்லா வீட்டுலயும்தான்" என்பதை அம்மா இரண்டு தடவை சொன்னார்.

நெல்லைக் கொட்டி அளந்து பார்த்தேன். சிறிசில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைச்சல். எட்டு நாள் உழைத்தால் ஒரு நாள் எங்க வீட்டுக்கு இனாம். அந்த ஆயாவும் அதன் அம்மாவும் அப்படி எத்தனை நாள் இனாமாக உழைத்திருப்பார்கள் என்று கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

நிற்க. இது எங்க வீட்டு ரகசியம் மட்டுமில்லை. 1940-களில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பி.சீனிவாசராவ் தலைமையில் விவசாயச் சங்கம் கட்டியபோது, சாணிப்பால், சவுக்கடியை ஒழி என்ற கோரிக்கைகளோடு ஒன்றாக நின்றது 'முத்திரை மரக்காலில் அள' என்பது. சர்க்கார் முத்திரை குத்திய மரக்கால். கூலியைக் கூட்டு என்பதற்கு முன்னால், சொன்ன கூலியை ஒழுங்காக அள என்று கேட்க வேண்டியிருந்தது! 1952-இல் ராஜாஜி ஆட்சியில் தஞ்சைக் குத்தகையாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்தத் தகராறின் மையத்தில் இருந்தது கூடுதலாகக் கேட்ட கொஞ்சம் கூலி நெல். அதற்குப் பிறகு கணபதியா பிள்ளை கமிஷன், 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம்.

ஒன்றைக் கவனித்தீர்களா? 1952 சட்டத்தின் பேரிலேயே தஞ்சை இருக்கிறது. 1969 சட்டமும் கிழக்குத் தஞ்சைக்காக வந்தது. எங்க ஊர் கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம். அதே தண்ணீர், அதே நெல், அதே வெயில். ஆனால் சட்டம் தஞ்சையின் பேரில் எழுதப்பட்டது. எங்க வீட்டுச் சின்ன மரக்கால் பரணுக்குப் போனது சட்டத்தால் இல்லை. காசுக் கூலி வந்து, நெல் அளக்கிற வழக்கமே போனதால்தான்.

சரி, இப்போது நம் காலத்துக்கு வருவோம்.

தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம், நம்ம பாஷையில் நூறு நாள் வேலை, 2006 பிப்ரவரியில் நாட்டில் 200 மாவட்டங்களில் தொடங்கியது. எங்க மாவட்டத்துக்கு 2008 ஏப்ரலில்தான் வந்தது. அப்போது நாள் கூலி 80 ரூபாய். 2012-இல் 132, 2016-இல் 203, 2020-இல் 256, 2025-இல் 336. பதினேழு வருஷத்தில் 4.2 மடங்கு. வயல் கூலி இதைவிட அதிகம். ரிசர்வ் வங்கி வெளியிட்ட கணக்குப்படி 2022-23-இல் தமிழ்நாட்டில் ஆண் விவசாயக் கூலியின் சராசரி நாளுக்கு 470 ரூபாய். கேரளாவில் 764, மத்தியப் பிரதேசத்தில் 229. ஆக நம்ம ஊர் பரவாயில்லை ரகம்.

அரிசியில் அளந்தால்? 2008-இல் சாதாரண அரிசி கிலோ 20 ரூபாய் வாக்கில் வாங்கிய ஞாபகம். 80 ரூபாய்க்கு 4 கிலோ. 2025-இல் 50 ரூபாய் என்று வைத்தால் 336-க்கு ஆறரை கிலோவுக்கு மேல். போதாததற்கு ரேஷன் அரிசி. 2006-இல் கிலோ 2 ரூபாய், 2008 செப்டம்பரில் 1 ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசம். ஆயாவே சொல்லும், "சோத்துக்குப் பஞ்சமில்ல தம்பி." ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்த வாக்கியத்தை அது சொல்லியிருக்க முடியாது. ஆகவே அரிசி மரக்காலில் அளந்தால் மாமாவும் நானும் ஜெயித்துவிட்டோம்.

ஆனால் இன்னொரு மரக்காலை எடுங்கள். ஆயாவின் காது.

2008-இல் ஒரு பவுன் சுமார் 9,000 ரூபாய். 80 ரூபாய்க் கூலியில் 112 நாள் வேலை. 2025 நடுவில் பவுன் சுமார் 72,000. 336 ரூபாய்க் கூலியில் 214 நாள். அதற்கப்புறமும் அது ஏறியது உங்களுக்கே தெரியும். தங்கம் ஆடம்பரம்தானே என்பீர்கள். நிலமும் இல்லாமல் பேங்கில் கடனும் கிடைக்காமல் இருக்கிறவளுக்குத் தோடுதான் பேங்க், இன்ஷூரன்ஸ், பேத்தி படிப்பு எல்லாம். அரிசி வாங்கும் சக்தி கூடியது. அடகிலிருந்து மீளும் சக்தி பாதியாகிவிட்டது.

இதை ஆயாவின் ஒரு காதை மட்டும் வைத்துச் சொல்லக்கூடாது என்று நாட்டுக் கணக்கையும் பார்த்தேன். மத்திய அரசின் உழைப்பாளர் கணக்கெடுப்புப்படி, தினக்கூலி வேலையின் சராசரி வருமானம் 2017 நடுவில் நாளுக்கு 294 ரூபாய், 2024 ஏப்ரல்-ஜூனில் 433. 47 சதவீத உயர்வு, கைதட்டலாம். ஆனால் அதே காலத்தில் விலைவாசி சுமார் 38 சதவீதம் ஏறியது. கழித்துப் பார்த்தால் உண்மையான உயர்வு ஏழு வருஷத்துக்கும் சேர்த்து 7 சதவீதத்துக்குள். வருஷத்துக்கு ஒரு சதவீதம்கூட இல்லை. அதே வருஷங்களில் நாட்டின் தலா வருமானம், விலைவாசி கழித்து, 20 சதவீதத்துக்கு மேல் ஏறியது. நடுவில் கொரோனா இருந்தும்கூட.

நாட்டு வருமானத்தை அளக்கப் பெரிய மரக்கால். கூலி அளக்கச் சின்ன மரக்கால். எங்க வீட்டுப் பரணில் கிடந்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குப் புரியவில்லை.

இது எப்படி நடக்கிறது? யாரும் ராத்திரியில் மரக்காலைச் செதுக்கவில்லை. மூணு காரணம் எனக்குத் தெரிகிறது.

ஒன்று, குறியீடு. நூறு நாள் கூலியை ஒவ்வொரு வருஷமும் விவசாயத் தொழிலாளர் விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து உயர்த்தினார்கள். அந்தக் குறியீடு நெடுங்காலம் 1986-87-ஐ அடிப்படையாக வைத்தது. ஏழைக் குடும்பம் எதற்கெல்லாம் செலவழிக்கிறது என்ற பட்டியலோ 1983 கணக்கெடுப்பில் எடுத்தது. அதில் மூணில் இரண்டு பங்குக்கு மேல் சாப்பாடு. செல்போன் ரீசார்ஜ், நர்சிங் காலேஜ் பீஸ், ஸ்கேன் எடுக்கிற செலவு எல்லாம் வாழ்க்கைக்குள் வந்தபிறகும் குறியீடு 1983-இலேயே கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. புதிய அடிப்படை 2025-இல்தான் வந்தது. இன்னொன்றும் உண்டு. விலைவாசிக்கு ஏற்ப மட்டும் கூலியை உயர்த்தினால் கூலி இருந்த இடத்திலேயே நிற்கும். நாடு வளர்கிறதில் பங்கு அதில் வரவே வராது. அது கணக்கிலேயே இல்லை.

இரண்டு, நாட்கள். கூலி என்பது ஒரு நாள் ரேட். வருமானம் என்பது ரேட்டைக் கிடைத்த நாட்களால் பெருக்குவது. எங்க பக்கம் அறுப்பு முழுக்க இப்போது பெல்ட் மெஷின். முன்பு வாரக்கணக்கில் ஆள் இறங்கி அறுத்த வயல், மணிக்கணக்கில் முடிகிறது. டெல்டாவில் நடவுக்கு மேற்கு வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் கூட்டமாக ஆட்கள் வருகிறார்கள், பாவம், அவர்கள் ஊரில் அதுகூட இல்லை. நூறு நாள் வேலையிலும் நூறு நாள் முழுதாகக் கிடைத்தவர்கள் கொஞ்சம்தான். 2025 தொடக்கத்தில் 4,034 கோடி ரூபாய் வரவில்லை என்று தமிழ்நாட்டு அரசு மத்திய அரசோடு மல்லுக்கட்டியது நினைவிருக்கும். ரேட் பேப்பரில் ஏறும், காசு கைக்கு வர மாசக்கணக்கு.

மூன்று, பொம்பளை கூலி. சம ஊதியச் சட்டம் வந்தது 1976-இல். இன்றும் எங்க ஊரில் ஆண்கூலி வேறு, பெண்கூலி வேறு. மேலே சொன்ன 470 ஆண்களுக்கான கணக்கு என்பதைக் கவனிக்கவும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று எங்க ஊர் பார்த்தது நூறு நாள் வேலையில்தான். தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் பெண்கள் என்பதில் ஆச்சரியம் என்ன?

இதைச் சொன்னால் மாமா மாதிரி ஆட்கள், "அரியலூர்ல சிமெண்ட் பேக்டரி எத்தனை பாரு, மாவட்டமே வளருது" என்பார்கள். வளர்கிறதுதான். பக்கத்துக் கல்லக்குடியில் 1939-இலேயே சிமெண்ட் ஆலை வந்தது. அரியலூரில் அரசு ஆலை 1979-இல். பிறகு பெரிய தனியார் ஆலைகள். பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல், அதற்கு மேல் லாரிப் புழுதி. வெட்டி எடுத்த கல்லின் மதிப்பு மாவட்டக் கணக்கில் ஏறும். லாபம் எந்த ஊருக்குப் போகிறது என்பது வேறு கணக்கு. 2024-25-இல் தமிழ்நாட்டின் வளர்ச்சி 11.19 சதவீதம். பெருமைதான். ஆனால் சராசரி என்பது கழுத்தளவுத் தண்ணீர் மாதிரி, நெட்டையன் நடந்துபோவான், குட்டையன் முழுகுவான்.

வெளிநாட்டிலும் இந்தக் கதை உண்டு. இங்கிலாந்தில் 1780-இலிருந்து 1840 வரை ஒரு தொழிலாளியின் உற்பத்தி 46 சதவீதம் கூடியது, உண்மைக் கூலி கூடியதோ 12 சதவீதம் என்று ராபர்ட் ஆலன் என்ற வரலாற்றாசிரியர் கணக்குப் போட்டார். அதற்கு 'ஏங்கல்ஸின் இடைநிறுத்தம்' என்று பேர் வைத்தார். பிறகு கூலி ஏறத்தான் செய்தது. ஆர்தர் லூயிஸ் 1954-இல் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: கிராமத்தில் உபரியாக ஆள் இருக்கும்வரை தொழில் எவ்வளவு வளர்ந்தாலும் கூலி ஏறாது, உபரி தீர்ந்தால் தானாக ஏறும். மாமா "ஆளே கிடைக்கல" என்று புலம்புகிறாரே, லூயிஸ் கேட்டால் சந்தோஷப்படுவார். :-) பழைய திருச்சி மாவட்டத்தில் ஆத்ரேயா, யூர்ஃபெல்ட், லிண்ட்பெர்க் குழு 1979-80-இலும் 2004-05-இலும் கிராமங்களைப் பார்த்தபோதும், நிலமில்லாதவர் பலர் விவசாயத்தை விட்டு வெளியே வேலை தேடிப் போயிருந்தார்கள். பேரம் பேசும் தெம்பு அங்கிருந்துதான் வந்தது. நூறு நாள் வேலை அதற்கு இன்னொரு முட்டுக்கொடுத்தது. மாமாவின் கோபத்துக்கு அர்த்தம் அதுதான்: "வேணாம்" என்று சொல்ல ஆயாவுக்கு ஒரு வழி கிடைத்தது.

ஆனால் அறுபது வருஷம் பொறு, தானாகச் சரியாகும் என்பது வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு வரி. வாழ்கிறவளுக்கு அது முழு ஆயுள்.

2025 டிசம்பரில் நூறு நாள் திட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 125 நாள் என்கிறது, நல்லது. செலவில் 40 சதவீதம் பெரும்பாலான மாநிலங்கள் தலையில். விதைப்பு, அறுப்பு சமயத்தில் மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்திவைக்கலாம் என்றும் இருக்கிறது. அதாவது வயலில் ஆள் தேவைப்படுகிற, கூலி பேசி வாங்கக்கூடிய அந்த இரண்டு மாசத்தில் ஆயாவுக்கு வேறு வழி இருக்காது. மாமாவுக்குச் சந்தோஷம். எனக்குப் பரணில் கிடந்த மரக்கால்தான் ஞாபகம் வந்தது.

ஆக, வருமான வளர்ச்சி கூலிக்காரரைச் சேர்ந்ததா? என் பதில்: பசியைத் தாண்டும் அளவுக்குச் சேர்ந்தது, அதுவும் சங்கமும் சட்டமும் ரேஷன் கடையும் இழுத்துக்கொண்டு வந்ததால். அதற்கு மேல் வளர்ந்ததில் அவர்கள் பங்கு வந்து சேரவில்லை. "நூறு மடங்கு" என்று நான் திண்ணையில் சொன்னது தப்பு. ஒத்துக்கொள்கிறேன்.

ஊரை விட்டுக் கிளம்புமுன் ஆயா வீட்டுக்குப் போய் இதையெல்லாம் என்னால் முடிந்த அளவு சொன்னேன். மரக்கால் விஷயத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அது எங்களுக்குத் தெரியாதா தம்பி? அளக்கயிலேயே தெரியும். சொல்றதுக்குத்தான் வாயில்ல" என்றது.

பேத்தி உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். "இவளுக்கு வாய் இருக்கு" என்று சிரித்தது.

பி.கு: அடகு ரசீதை வாங்கிவந்திருக்கிறேன். தர்மம் என்று யாரும் பாராட்ட வேண்டாம். எட்டில் ஒரு பங்கு பழைய பாக்கி, வட்டி போட்டால் ஒரு தோடு எந்த மூலைக்கு? சின்ன மரக்காலை அம்மா எடைக்குப் போடச் சொன்னார். மாட்டேன் என்று சொல்லி, என் மேசை மேல் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.